சர்க்கரை போட்ட பிளாஸ்க்

ஹல்
6 அக்டோபர் 1973

நெவிலுக்கு,

கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டைக்கு இன்னும் நாள் இருக்கிறது. அதற்குள் என் கையெழுத்தைப் பார்த்ததும் யாரோ செத்துப்போய்விட்டார்கள் என்று நினைத்திருப்பாய். யாரும் சாகவில்லை. பெர்ட் நன்றாக இருக்கிறார், இடுப்பு வலியைத் தவிர. ஒரு கேள்வி கேட்கத்தான் எழுதுகிறேன். டெலிவிஷன்காரர்களோடு உனக்கு எத்தனை நாளாகப் பழக்கம்?

தெரியாதவன்போல முழிக்காதே. வெள்ளிக்கிழமை எட்டு மணிக்கு 'வாளியும் மணலும்' என்று ஒரு சிரிப்புத் தொடர் வருகிறது. போர்க்காலத்தில் ஒரு துணிக்கடைக் கூரையில் தீக்காவல் இருந்த மூன்று அசடுகளின் கதை. நாடே பார்க்கிறது. நேற்று அந்த மூன்று பேரும் கூரைமேல் விழுந்த ஒரு தீக்குண்டைச் சுற்றி மணல் வாளிகளை அடுக்கிவைத்து, விடியும்வரை மூச்சு விடாமல் காவல் காத்தார்கள். வெளிச்சம் வந்ததும் பார்த்தால் அது பிளாஸ்க். முந்தின ஷிஃப்ட் ஆள் மறந்துவிட்டுப் போன டீ பிளாஸ்க்.

அதோடு விட்டிருந்தால்கூடச் சும்மா இருந்திருப்பேன். அந்த மூவரில் ஒல்லியானவன் மூடியைத் திருகி ஒரு வாய் குடித்துவிட்டு, "அட, ஹிட்லர் சர்க்கரையும் போட்டே அனுப்பிருக்கான்" என்கிறான்.

பெர்ட்டுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. நான் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அதன் முன்னால் நின்றேன்.

அது ஹெட்லி சொன்ன வார்த்தை. போரின்போது நாம் காவல் இருந்த கோப்லி கடைக் கூரையில் அவன் அதைச் சொன்னபோது பக்கத்தில் இருந்தது நாம் இரண்டு பேர்தான். நான் யாரிடமும் சொல்லவில்லை, கட்டிய கணவர் பெர்ட்டிடம்கூட. சொல்வதில்லை என்று மூன்று பேரும் கைமேல் கை வைத்துச் சத்தியம் செய்தோம். உனக்கு மறந்திருக்கலாம். செத்தவன் வாயிலிருந்து பிடுங்கி ஊர் சிரிக்கக் கொடுத்துவிட்டாயே என்றுதான் எனக்கு ஆறவில்லை.

ஐவி ப்ளென்கின்


ஃபால்மத்
11 அக்டோபர் 1973

அன்புள்ள ஐவி,

என்னிடம் டெலிவிஷன் பெட்டியே கிடையாது. நான் தங்கியிருக்கும் விடுதியில் திருமதி ட்ரெகியர் ஒன்று வைத்திருக்கிறார். அதில் அவர் பார்ப்பதைத்தான் மற்றவர்களும் பார்க்க வேண்டும். வெள்ளிக்கிழமைகளில் எனக்குத் தேவாலயத்தில் பாட்டுப் பயிற்சி வேறு. நீ சொல்லும் தொடரின் பெயரைத்தான் கேள்விப்பட்டிருக்கிறேன், ஒரு நாளும் பார்த்ததில்லை.

நான் யாரிடமும் சொல்லவில்லை. சொல்வதற்கு இங்கே யார் இருக்கிறார்கள்? எனக்கு மறக்கவும் இல்லை. அன்று என் கை அடியில் இருந்தது, அதன்மேல் உன் கை, மேலே ஹெட்லியின் கை. மூன்றிலும் மணல். நீ சிரிப்பை அடக்கமுடியாமல் குலுங்கியதில் கைகள் நழுவி, முதலிலிருந்து இன்னொரு முறை சத்தியம் செய்தோம்.

உன் கோபம் எனக்குப் புதிதில்லை. ஆனால் இந்த முறை கோபத்தைவிட வேறொன்று என்னைத் தூங்கவிடவில்லை. அந்த வார்த்தை அப்படியே வந்ததா? சர்க்கரை என்றே சொன்னானா? நன்றாக யோசித்து எழுது. நீயும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை என்றால்...

இந்த வாக்கியத்தை எழுதி எழுதி அடித்துவிட்டேன். நீயே முடித்துக்கொள்.

நெவில்


ஹல்
15 அக்டோபர் 1973

நெவிலுக்கு,

முடித்தேன். முடித்துவிட்டு இரண்டு நாள் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

அப்படியேதான் வந்தது. ஒரு எழுத்து மாறவில்லை. அது மட்டும் இல்லை. நம் மேனேஜர் ஆல்டர்சன் அன்று காலை மூச்சு வாங்க மேலே ஏறி வந்து, பிளாஸ்க்கை நாம் ஒளித்துவைப்பதற்குள் "கோப்லி கடையின் மூன்று வீரர்கள்" என்று கை குலுக்கிவிட்டுப் பத்திரிகைக்கும் சொல்லிவிட்டாரே, அதனால்தானே நாம் வாயை மூடிக்கொள்ள வேண்டியதாயிற்று. தொடரிலும் ஒரு மேனேஜர் வருகிறார். அவரும் கை குலுக்குகிறார். ஹெட்லியை மற்றவர்களுக்குக் கற்றுக்கொடுக்கச் சொல்லி வெள்ளிக்கிழமைக் குழுவுக்கு மாற்றினாரே, அது இன்னும் வரவில்லை. வந்தாலும் வரும்.

ஊர்ப் பெயர் சொல்வதில்லை. "வடகிழக்குக் கரையோரத்தில் ஒரு நகரம்" என்று மட்டும் ஆரம்பத்தில் எழுத்து வருகிறது. போரின்போது வானொலியில் நம் ஊரை அப்படித்தானே சொன்னார்கள். லண்டனில் ஒரு கண்ணாடி உடைந்தால் பெயர் சொல்லி அழுதார்கள். நம் ஊர் பாதி எரிந்தபோதும் "வடகிழக்குக் கரையோரத்தில் ஒரு நகரம்". பெர்ட்டிடம் கேட்டேன். "வேற எந்த ஊரு? நம்ம ஊருதான். இதைக் கேக்கணுமா?" என்றார். அவர் போர் முழுக்கக் கப்பலில் இருந்தவர். அவருக்கே தெரிகிறது.

ஹெட்லியின் உடல் கிடைக்கவில்லை. அதை நாம் இரண்டு பேரும் மறந்தாற்போல இருக்கிறோம். அந்த மே மாதம் கடைமேல் குண்டு விழுந்த இரவு உன் முறை. உனக்குக் காய்ச்சல் என்று அவன் உனக்குப் பதிலாக வந்தான். நான் டீ போடக் கெண்டியோடு கீழ்த்தளத்துக்கு இறங்கியிருந்தேன். நான் மேலே ஏறுவதற்குள் ஏற மேல் என்று ஒன்று இல்லை. கடை வாசல் பலகையில் அவன் பெயரைப் பொறித்தார்கள், அவ்வளவுதான். கல்லறையில் ஊரோடு சேர்த்து ஒரு குழி.

படுக்கையில் சொகுசாகப் படுத்துக்கொண்டு அவனைச் சாக அனுப்பினாய் என்று மறுநாள் உன்னிடம் சொன்னேன். அதை இந்தக் கடிதத்தில் திரும்ப வாங்கிக்கொள்வேன் என்று எதிர்பார்க்காதே. ஆனால் நீ அந்தத் தொடரைப் பார்க்க வேண்டும். பாட்டுப் பயிற்சி எங்கேயும் ஓடிப்போகாது.

ஐவி


ஃபால்மத்
20 அக்டோபர் 1973

அன்புள்ள ஐவி,

பார்த்தேன். விடுதி வரவேற்பறையில் எல்லோரோடும் உட்கார்ந்து பார்த்ததால் பாதி வசனம் என் காதில் விழவில்லை. இந்தத் தொடரைப் பற்றி இந்த நாட்டில் கருத்து இல்லாத ஆளே கிடையாதுபோல.

திருமதி ட்ரெகியர் முதலிலேயே சொல்லிவிட்டார்: "செத்தவங்க நின்ன எடம். அதுல என்ன சிரிப்பு வேண்டிக்கெடக்கு?" சொல்லிவிட்டு, மூவரில் குண்டானவன் வாளிக்குள் காலை விட்டபோது முதலில் சிரித்தவரும் அவர்தான். சுங்கத்துறையில் இருந்து ஓய்வு பெற்ற திரு. பென்ஹாலிகன் கடைசிவரை சிரிக்கவே இல்லை. "ஹெல்மெட் வாரு தாடைக்குக் கீழ வரணும். பின்னால தொங்குது பாருங்க. பம்பை அமுக்குறவன் காலு வாளிக்கு வெளியில இருக்கணும். ஒண்ணாவது ஒழுங்கா இருக்கா?" என்றார். விடுதியில் தங்கியிருக்கும் இளம் நர்ஸ் ஒருத்தி, "நெஜமாவே நீங்கல்லாம் இவ்வளவு முட்டாளாவா இருந்தீங்க?" என்று கேட்டாள். "இதைவிட" என்றார் பென்ஹாலிகன். அவர் கோபமாகச் சொன்னாரா, பெருமையாகச் சொன்னாரா என்று தெரியவில்லை.

நான் ஒல்லியானவனை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். ஐவி, அவன் பொய் சொல்லும்போதெல்லாம் காதைத் தேய்க்கிறான். நீ கவனித்தாயா? ஹெட்லி அவனுடைய கேட்காத காதைத் தேய்ப்பான், அதுவும் பொய் சொல்லும்போது மட்டும். அந்தக் காதுக்காகத்தானே பட்டாளத்தில் அவனை எடுக்கவில்லை.

கடைசியில் பெயர்கள் ஓடின. எழுதியவர் ஹெச். ஸ்டோக்ஸ். ஹெச்., பிறகு எஸ்ஸில் ஆரம்பிக்கும் ஒரு பெயர். ஹெட்லி சடபி. மற்றவர்கள் கோகோ குடிக்க எழுந்தார்கள். நான் பெட்டியைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தேன்.

தலையில் அடிபட்டுத் தன் பெயரே மறந்துபோனவர்கள் அப்போது இருந்தார்கள். வேண்டுமென்றே மறந்தவர்களும் இருந்தார்கள். நான் கிறுக்கனைப்போலப் பேசுகிறேன் என்று எனக்கே தெரிகிறது. ஆனால் ஒன்று சொல்லிவிடுகிறேன். ஹெட்லி உயிரோடு இருந்தால், நான் யாரையும் சாக அனுப்பவில்லை. அதைத் தெரிந்துகொண்டால் போதும், எனக்கு வேறு ஒன்றும் வேண்டாம்.

டெலிவிஷன் கம்பெனிக்கு நீ எழுது. நான் எழுதினால் ஒரு வரிகூட முடிக்காமல் அடித்துக்கொண்டே இருப்பேன்.

நெவில்


ஹல்
27 அக்டோபர் 1973

நெவிலுக்கு,

எழுதிவிட்டேன். கிழித்துக் கிழித்து எழுதினேன். முதலில் எழுதியதில் திட்டு அதிகம். அடுத்ததில் கெஞ்சல் அதிகம். கடைசியில், "ஐயா, அக்டோபர் ஐந்தாம் தேதி வந்த பிளாஸ்க் காட்சியை உங்களுக்குச் சொன்னது யார்? அதை அறிந்தவர்கள் மூன்று பேர்தான். மூன்றாமவர் பெயர் ஹெட்லி சடபி. அவர் இறந்துவிட்டதாக நாங்கள் நம்பியிருந்தோம்" என்று எழுதி, தபால் பெட்டியில் போட்ட பிறகு கையை உள்ளே விட்டு எடுக்க முடியுமா என்று பார்த்தேன்.

காதை நானும் பார்த்தேன். உனக்கு முன்பே பார்த்தேன். சொல்லப் பிடிக்கவில்லை.

ஊரில் எல்லோரும் இதையேதான் பேசுகிறார்கள். மீன் கடை வரிசையில் ஒருத்தி, அந்த மேனேஜர் தன்னுடைய மாமனார்தான் என்று அடித்துச் சொன்னாள். "அதே தொப்பை. அதே தொண்டைச் செருமல். அவரு உசுரோட இருந்தா கேஸ் போட்டிருப்பாரு." கடைக்காரர் காட் மீனை நறுக்கிக்கொண்டே, "நம்ம ஊருன்னு பேரு சொல்ல அன்னைக்கும் அவனுங்களுக்கு வாய் வரல, இன்னைக்கும் வரல" என்றார். வரிசை முழுவதும் தலையாட்டியது. எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

ஆனால் நீ எழுதியதைப் படித்து எனக்குக் கோபம் வந்தது. அவன் உயிரோடு இருந்தால் உனக்கு விடுதலை. எனக்கு என்ன? உயிரோடு இருந்துகொண்டு எனக்கு ஒரு வரி எழுதாமல் போனவன் அவன் என்று ஆகும். போர் முடிந்த பிறகும் எத்தனையோ நாள் தெருவில் ஒல்லியாக யாராவது போனால் பின்னாலேயே போய் முகத்தைப் பார்த்துவிட்டு வருவேன். நல்லவேளை, பெர்ட் குண்டு. அவரைத் தொப்பியோடு பார்த்தபோதும் எனக்கு யார் ஞாபகமும் வரவில்லை.

ஹெட்லி உயிரோடு இருந்தால் நேரில் போய்க் கன்னத்தில் ஒன்று வைப்பேன். அதற்கு அப்புறம் என்ன செய்வேன் என்று தெரியவில்லை. அவன் எப்படி இருக்கிறான் என்று பார்க்க மட்டும் ஆசையாக இருக்கிறது. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது.

பெர்ட், "என்ன ஐவி, சிரிப்புத் தொடருக்குப் பரீட்சை எழுதப்போறியா? இப்படிக் குறிப்பு எடுக்குற" என்கிறார்.

ஐவி


ஃபால்மத்
4 நவம்பர் 1973

அன்புள்ள ஐவி,

பதில் வந்ததா?

வாடகைக்கு ஒரு பெட்டி எடுத்து என் அறையிலேயே வைத்துவிட்டேன். திருமதி ட்ரெகியருக்கு வருத்தம். பென்ஹாலிகனுக்கு அதைவிட வருத்தம், குறை சொல்வதைக் கேட்க ஓர் ஆள் குறைந்துவிட்டதே என்று. கடைசியில் அந்தப் பெயர் வரும்போது எழுந்து பெட்டியை ஒட்டிப் போய் நிற்கிறேன். கிட்டத்தில் போனால் எழுத்து கலைந்து புள்ளி புள்ளியாகிவிடுகிறது. தள்ளி வந்தால் மறுபடி ஹெச். ஸ்டோக்ஸ்.

நீ கோபப்பட்டது நியாயம்தான். எனக்கு அது தோன்றவே இல்லை. என் பக்கத்திலிருந்து மட்டும் பார்த்துப் பழகிவிட்டேன்.

பதில் வந்ததும் தந்தி கொடு. செலவை நான் பார்த்துக்கொள்கிறேன்.

நெவில்


ஹல்
17 நவம்பர் 1973

அன்புள்ள நெவில்,

தந்தியில் சொல்ல முடியாத செய்தி. அதனால் கடிதம்.

கம்பெனியிலிருந்து அச்சடித்த தாள் ஒன்று வந்தது. எனக்கென்று எழுதியது இல்லை, எல்லோருக்கும் அனுப்புவது. அந்தக் காட்சி எங்கள் கூரையில் நடந்தது, எங்களைத் தவிர யாருக்கும் தெரியாது, உங்களுக்கு யார் சொன்னது என்று கேட்டு நாடு முழுவதிலிருந்தும் நேயர்கள் எழுதிக்கொண்டே இருக்கிறார்களாம். பிளிமத்தில் ஒரு வங்கிக் கூரை. ஸ்வான்ஸியில் ஒரு பள்ளிக்கூடம். ஷெஃபீல்டில் ஒரு கத்தித் தொழிற்சாலை. கிளைட்பேங்கில் ஒரு சர்ச். பெரும்பாலும் பிளாஸ்க்தான். ஓர் இடத்தில் மீன் டப்பா, ஓர் இடத்தில் பாதிரியாரின் குடைக் கைப்பிடி. தீக்குண்டும் பிளாஸ்க்கும் ஒரே அளவு, ஒரே நிறம். வேறு எப்படி இருக்கும்?

சர்க்கரையும் அப்படித்தான். ரேஷன் காலத்தில் யாரோ ஒரு புண்ணியவான் சர்க்கரை போட்டு மறந்துவிட்டுப் போன டீயைக் குடித்தவன் ஒவ்வொருத்தனும் அதையேதான் சொல்லியிருக்கிறான். "எங்க அப்பா சொன்னது", "என் அண்ணன் சொன்னது" என்று அதற்கே தனியாக ஒரு கட்டுக் கடிதமாம். காதைத் தேய்ப்பது அந்த நடிகருக்குச் சொந்தப் பழக்கம் என்று இன்னொரு பத்தியில் போட்டிருக்கிறது. அதைக் கேட்டும் நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள்.

தாளின் அடியில் மையில் சில வரிகள். ஹெச். ஸ்டோக்ஸ் எழுதியது. ஹாரியட் ஸ்டோக்ஸ். பெண். அப்படியே எழுதுகிறேன்:

"திருமதி ப்ளென்கின், போர் தொடங்கியபோது எனக்கு மூன்று வயது. பெட்ஃபோர்டில் வளர்ந்தேன். இதுவரை எந்தக் கூரையிலும் ஏறியதில்லை. அந்தக் காட்சியை நானாகத்தான் கற்பனை செய்தேன் என்று நினைத்திருந்தேன். ஊர்ப் பெயர் வைத்தால் மற்ற ஊர்க்காரர்கள் சண்டைக்கு வருவார்கள் என்றுதான் வைக்கவில்லை. உங்கள் கடிதத்தைப் பலமுறை படித்தேன். நான் உங்கள் நண்பராக இல்லாமல் போனதற்கு வருந்துகிறேன்."

சன்டர்லாந்து, கிரிம்ஸ்பி, மிடில்ஸ்பரோ என்று எல்லா ஊரும் அது தன்னுடைய ஊர் என்று சொல்லிக்கொண்டிருக்கிறது, நெவில். மீன் கடையில் நான் இதைச் சொல்லப்போவதில்லை.

அழுதேன். அந்த மே மாதம் அழவில்லை, செங்கல் பொறுக்கவே நேரம் சரியாக இருந்தது. இப்போது சாவகாசமாக உட்கார்ந்து அழுதேன். பெர்ட் தாளைப் படித்துவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "ஹெட்லியைப் பத்தி எனக்குத் தெரியும் ஐவி. கல்யாணத்துக்கு முன்னாடியே உங்கம்மா சொல்லிட்டாங்க. நீயா சொல்வேன்னு இருந்தேன். எத்தனை வருஷம் ஆனா என்ன, நான் எங்கயும் போகல" என்றார். பிறகு உருளைக்கிழங்கை உரித்து வைத்தார். தடிதடியாக.

உனக்காகவும் வருத்தமாக இருக்கிறது. நான் இப்படி எழுதுவேன் என்று நீ எதிர்பார்த்திருக்க மாட்டாய். எனக்கே ஆச்சரியமாகத்தான் இருக்கிறது.

ஐவி


ஃபால்மத்
22 நவம்பர் 1973

அன்புள்ள ஐவி,

கிடைத்தது. நன்றி.

ஹாரியட் ஸ்டோக்ஸ் நல்ல பெண்போலத் தெரிகிறாள். அவள்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. கிளைட்பேங்க் தேவாலயத்தை நினைத்துக் கொஞ்சம் சிரித்தேன்கூட. ஆறு வாரம் நான் வேறு ஆளாக இருந்தேன், ஐவி. காலையில் சவரம் செய்யும்போது பாடினேன். பென்ஹாலிகன், "யாரு அந்தப் பொண்ணு?" என்று கேட்டார்.

ஆக, பழையபடிதான். அவன் என் இடத்தில் நின்றான், நான் வீட்டில் இருந்தேன். அது அப்படியே இருக்கட்டும். அதோடு எப்படி இருப்பது என்று எனக்குத் தெரியும். புதிதாகக் கற்றுக்கொள்ள ஒன்றும் இல்லை.

பெட்டியைத் திருப்பி எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டேன். தொடரில் இன்னும் சில வாரங்கள் பாக்கி. நான் பார்க்கப்போவதில்லை. பெட்ரோலுக்கு மறுபடி கூப்பன் கொடுக்கப்போகிறார்களாமே. எல்லாம் திரும்பி வருகிறது, வர வேண்டியதைத் தவிர.

பெர்ட்டுக்கு என் அன்பு. இதுவரை அவரிடம் முழுசாக நான்கு வார்த்தை பேசியதில்லை என்பது இப்போதுதான் உறைக்கிறது.

நெவில்


ஹல்
1 டிசம்பர் 1973

நம்ம நெவிலுக்கு,

அம்மா உன்னை இப்படித்தான் கூப்பிடுவார், "நம்ம நெவில் எங்க?" என்று. அம்மாவின் சவ அடக்கத்தில், கூடப்பிறந்தவர்கள் என்றும் பாராமல், நீ அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம் நின்றோமே, அன்றிலிருந்து இந்த வார்த்தையை எழுத எனக்குக் கை வரவில்லை. இப்போது எழுதிவிட்டேன். இனிப் பொறுமையாகப் படி.

நேற்றைய தொடரில் ஒல்லியானவனை வேறு குழுவுக்கு மாற்றிவிட்டார்கள். மூவரில் ஒருத்தியான ரிப்பன் விற்கும் பெண்ணுக்குப் பழைய குழுவிலேயே காவல். ஒல்லியானவனுக்கு அவள்மேல் ஆசை. குண்டானவனின் வீட்டுக் கொல்லைப்புறத்துக்குப் போய்க் கெஞ்சுகிறான்: "ஒரே ஒரு ராத்திரிடா. உன் எடத்துல நான் போறேன். உனக்குக் காய்ச்சல்னு படுத்துக்கோ." குண்டானவன் படுக்கையைச் சூடாக்கும் பீங்கான் வெந்நீர்ப் புட்டியை நெற்றியில் உருட்டிவிட்டுப் போர்வைக்குள் ஒளித்துக்கொள்கிறான். அவன் அம்மா வந்து நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "ஐயோ, கொதிக்குதே" என்கிறாள். பெர்ட் சிரித்து உருண்டார்.

நான் சிரிக்கவில்லை. எனக்கு ஒன்று ஞாபகம் வந்தது. அன்று சாயங்காலம், மேலே காற்று குளிர்கிறதே, கையைச் சூடு பண்ணிக்கொள்ள எடுத்துப்போகலாம் என்று நம் வீட்டு வெந்நீர்ப் புட்டியைத் தேடினேன். அடுப்பங்கரையில் அதன் இடத்தில் இல்லை. மே மாதத்தில் யாருக்கு அது வேண்டும் என்று முணுமுணுத்துக்கொண்டே போனேன். மறுநாள் உன் படுக்கையை உதறியபோது அது தரையில் விழுந்து உருண்டது. அன்று நான் இருந்த நிலையில் அதைப் பார்த்தும் பார்க்கவில்லை.

ஹாரியட் ஸ்டோக்ஸுக்கு நம்மைப் பற்றி ஒன்றும் தெரியாது. அது எனக்கு விளங்கிவிட்டது. ஆனால் நம் கூரையில் நடந்தது எல்லாக் கூரையிலும் நடந்தது என்று அவள் அனுப்பிய தாள் சொல்லவில்லையா? அப்படியானால் எல்லாக் கூரையிலும் நடந்தது நம் கூரையில் மட்டும் நடக்காமலா இருந்திருக்கும்? இருபத்திரண்டு வயதுப் பையனைப் புதன்கிழமையிலிருந்து வெள்ளிக்கிழமைக்கு மாற்றினால் அவன் என்ன செய்வான் என்று நான் இத்தனை நாள் யோசிக்கவே இல்லை.

கேட்டுவிடுகிறேன். அன்று உனக்குக் காய்ச்சல் இருந்ததா? இல்லை, என்னோடு நிற்க ஆசைப்பட்டு ஹெட்லி உன்னிடம் வந்து கெஞ்சினானா? சொன்னால் பாரம் என் தலையில் இறங்கும் என்று பயந்து, நான் உன்னைச் சொன்னதையெல்லாம் வாங்கிக்கொண்டு இவ்வளவு தூரம் போய் உட்கார்ந்துகொண்டாயா?

எனக்கு ஐம்பத்துமூன்று வயது. தாங்கிக்கொள்வேன். தாங்க முடியாவிட்டால் பெர்ட் இருக்கிறார். உன்னிடம்தான் யாரும் இல்லை. அதை நினைத்துத்தான் கூப்பிடுகிறேன்.

பதினான்காம் தேதி கடைசிப் பகுதி. எட்டு மணிக்குள் இங்கே வந்து சேர். கூப்பன் தொந்தரவு இல்லாவிட்டால் பெர்ட் காரில் ஸ்டேஷனுக்கு வருவார், இருந்தால் நடந்து வருவார்.

உன் ஐவி


ஃபால்மத்
5 டிசம்பர் 1973

நம்ம ஐவிக்கு,

பதினான்காம் தேதி காலை முதல் ரயிலில் கிளம்புகிறேன். இரண்டு இடத்தில் மாற வேண்டும். தாமதமானால் எனக்காகக் காத்திருக்காமல் பெட்டியைப் போடுங்கள். திருமதி ட்ரெகியர் குங்குமப்பூவும் திராட்சையும் போட்ட பன் சுட்டுத் தருகிறாராம். பெர்ட்டுக்குத் திராட்சை ஒத்துக்கொள்ளுமா என்று தெரியவில்லை.

மீதியை நேரில் சொல்கிறேன். ஒன்றே ஒன்று மட்டும். அன்று ஹெட்லி நம் கொல்லைப்புறத்துக்கு வந்தபோது பூட்ஸுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டு வந்திருந்தான். கரியும் மணலும் மிதிக்கப்போகிறவனுக்கு எதற்குப் பாலிஷ் என்று கேட்டேன். அதற்கு அவன் காதைத் தேய்த்தான்.

போன வெள்ளிக்கிழமை நான் தொடரைப் பார்க்கக்கூடாது என்றுதான் இருந்தேன். ஆனால் என் அறைக்கு வரவேற்பறை வழியாகத்தான் போக வேண்டும். வாசலில் நின்றுவிட்டேன். அந்த வெந்நீர்ப் புட்டி வந்ததும் நர்ஸ் பெண் விழுந்து விழுந்து சிரித்தாள். பென்ஹாலிகனுக்கு வழக்கம்போலக் கோபம். "ஹெல்மெட்டைக்கூட மன்னிச்சிருவேன். இதை மன்னிக்க மாட்டேன். எந்த அம்மாவாவது இதுக்கு ஏமாறுவாளா?" என்று என்னிடம் நியாயம் கேட்டார். நான் மாடிக்குப் போய்விட்டேன்.

நம்ம அம்மா ஏமாந்தார், ஐவி.

நெவில்